ஐந்து கிலோவுக்குள் ஓர் அவசரப் பை: கிள்ளான் பள்ளத்தாக்குக் கணக்கு

அவசரப் பையில் என்ன வைப்பது என்று இணையத்தில் தேடினால் வந்து விழும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. தீப்பொறிக் கல், காட்டுக் கத்தி, கம்பளிக் கையுறை, தூண்டில் முள் என்று நீண்டுகொண்டே போகும். கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) வீட்டைவிட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும். அப்போது தீ மூட்டவோ மீன் பிடிக்கவோ யாருக்கும் தேவை வராது. நனையாத ஒரு சட்டை, உயிருள்ள கைப்பேசி, குடிக்கத் தகுந்த தண்ணீர், தவறக்கூடாத மாத்திரை ஆகியவற்றுக்குத்தான் திண்டாட்டம்.

2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் விடாமல் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். உலு லங்காட்டில் ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோலாலம்பூர் நகர மையத்தைக் காக்க ஸ்மார்ட் எனும் 9.7 கிலோமீட்டர் நீள வெள்ளநீர்ச் சுரங்கம் 2007 முதல் இயங்குகிறது. ஆனால் அதன் வேலை நகர மையத்தோடு முடிகிறது. கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே இந்தப் பைக்கு நாம் கொடுக்கும் வேலை மிகக் குறுகியது. ஒன்று, மாடியில் அல்லது கூரையில் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். அல்லது இடுப்பளவு அழுக்குத் தண்ணீரில் நடந்து, படகேறி, பிபிஎஸ் எனப்படும் தற்காலிக நிவாரண மையத்துக்குப் போய்ச் சேர்ந்து முதல் இரவைக் கழிக்க வேண்டும். காட்டில் பிழைக்கும் பை இல்லை இது. இந்த எல்லையை மறந்தால் பை 12 கிலோ ஆகிவிடும். 12 கிலோ பையை யாரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள்.

எடைக் கணக்கு

18 முதல் 22 லிட்டர் கொள்ளளவுள்ள பள்ளிப்பை அளவே போதும். மொத்த எடை 5 கிலோவைத் தாண்டக்கூடாது. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் எடையில் அது பத்தில் ஒரு பங்கு. ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வழுக்கும் படியில் இறங்கும்போது அதற்கு மேல் முதுகு தாங்காது.

பிரித்துப் பார்த்தால் கணக்கு இப்படி வரும்: காலிப் பை 700 கிராம். ஒன்றரை லிட்டர் தண்ணீர், பாட்டிலோடு 1,600 கிராம். சாப்பாடு 700. மாற்றுத்துணியும் கைலியும் உலர்பையோடு (வாயைச் சுருட்டிப் பூட்டும், தண்ணீர் புகாத பை) சேர்த்து 800. மருந்து 300. டார்ச், வானொலி, பவர் பேங்க், கேபிள், விசில் எல்லாம் சேர்ந்து 500. ஆவணமும் பணமும் 150. மழை அங்கி 200. கூட்டினால் 4,950 கிராம். இதற்கு மேல் ஒரு பொருள் உள்ளே வர வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு சிறிய பைகளே நல்லது. ஒரே பெரிய பையில் எல்லாருடையதையும் அடைத்தால், அந்தப் பையைத் தூக்கியவர் வேறு படகில் ஏறிவிடும்போது மற்ற மூவரிடமும் ஒன்றும் மிஞ்சாது.

உலர்வாக வைப்பதே பாதி வேலை

'தண்ணீர் புகாதது' என்று எழுதி விற்கும் முதுகுப்பைகளை நம்ப வேண்டாம். துணி தாங்கும், ஜிப்பும் தையலும் தாங்காது. பையோடு வரும் மழை உறை இன்னும் மோசம். அது மேலிருந்து விழும் மழைக்கானது; முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் உறைக்குள் தண்ணீர் நிரம்பி, ஆளைப் பின்னால் இழுக்கும். தண்ணீரில் இறங்கும் முன் அதைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

சரியான வழி, வெளிப்பை நனையட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே இரண்டு உலர்பைகள் வைப்பது. துணிக்கும் ஆவணத்துக்கும் 10 லிட்டர் அளவில் ஒன்று, மின்பொருளுக்கும் மருந்துக்கும் 3 லிட்டர் அளவில் ஒன்று. இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தடுமாற வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில், டின் உணவு, மழை அங்கி ஆகியவை உலர்பைக்கு வெளியே கிடக்கலாம்.

உலர்பையை வாங்கியதும் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். உள்ளே நாலைந்து டிஷ்யூ தாளும் கனத்துக்கு ஒரு கல்லும் போடுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயின் இரு ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டுங்கள். வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வைத்து எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள். தாள் ஈரமாக இருந்தால் இரண்டு இடங்களில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அடி மூலைத் தையலில் கசிவு இருந்தால் பையைத் திருப்பிக் கொடுங்கள். வாய்ப்பக்கம் கசிந்தால் குற்றம் பெரும்பாலும் நம்முடையது: பையைத் திணித்து நிரப்பியதால் மூன்று சுற்றுக்கு இடமில்லாமல் போயிருக்கும், அல்லது துணியின் ஓரம் மடிப்பில் சிக்கியிருக்கும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுவதே வழி.

உலர்பை வாங்க மனமில்லாதவர்கள் ஜிப்பு வைத்த பிளாஸ்டிக் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக, வாய் எதிரெதிராக வைத்துப் பயன்படுத்தலாம். மூடும் கோட்டில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கசியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கம் இன்னொரு வேலையும் செய்யும். பாலியூரித்தேன் பூச்சுள்ள மலிவான உலர்பையும் மழை அங்கியும் அலமாரியில் சும்மா கிடந்தாலே சில ஆண்டுகளில் உள்பக்கம் பிசுபிசுத்துப் போகும். காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சு சிதைவதுதான் காரணம், துவைத்தாலும் சரியாகாது. கனமான பிவிசி அல்லது டிபியு பை சற்று எடை கூடினாலும் நீடித்து உழைக்கும். ரப்பர் பேண்டும் உள்ளே வைக்காதீர்கள். ஓராண்டில் உருகி எல்லாவற்றின் மீதும் ஒட்டிக்கொள்ளும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியிலும் பசை போய்விடும். அதற்குப் பதில் சுருள் கட்டுத்துணியும் இரண்டு ஊக்கும் நம்பகமானவை.

வெளிச்சமும் கைப்பேசியும்

கைப்பேசி விளக்கை நம்பி டார்ச் வைக்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வெளிச்சத்துக்குச் செலவாகும் சார்ஜ்தான் உதவிக்கு அழைக்க வேண்டிய சார்ஜும். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று வாங்குங்கள். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரியில் இயங்குவது, மழையைத் தாங்குவது, அவ்வளவு போதும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியை விளக்குக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் அது கசிந்து, முனைகளில் வெள்ளைப் பொடி பூத்து, விளக்கையே கெடுத்துவிடும். பேட்டரியைத் தனியே ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு விளக்கோடு கட்டி வையுங்கள். லித்தியம் ஏஏ பேட்டரி விலை கூடுதல்தான், ஆனால் எளிதில் கசியாது, எடையும் குறைவு.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 200 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அட்டையில் போட்டிருக்கும் எண் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்குரியது. அதை 5 வோல்டாக மாற்றும்போதும் வெப்பமாக வீணாகும்போதும் போக, வெளியே வருவது சுமார் 6,000 முதல் 6,500 வரைதான். 5,000 எம்ஏஎச் கைப்பேசியை ஒன்றேகால் தடவை, போனால் ஒன்றரைத் தடவை ஏற்றலாம். 20,000 வாங்கினால் எடை இரட்டிக்கும். அந்த 200 கிராமைத் தண்ணீருக்குக் கொடுப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். கேபிள் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். கட்டிலோரக் கேபிளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அன்றைக்கு அது மறந்துபோகும்.

கோபுரம் செயலிழந்த இடத்தில் கைப்பேசி அலைவரிசையைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். விமான நிலைக்கு மாற்றிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு. சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் கேபிளைச் செருகாதீர்கள். உதறி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் முனை அரித்துப் போகும். ஒரு சிறிய வானொலி இருந்தால் மின்னல் எஃப்எம் எனும் தமிழ் வானொலியின் செய்தியாவது காதில் விழும். உங்கள் வட்டாரத்து அலைவரிசை எண்ணை வானொலியின் முதுகில் இப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள்.

விசில் 10 கிராம்தான். உள்ளே உருளை இல்லாத வகையாகப் பாருங்கள். உருளை உள்ளது நனைந்தால் அடைத்துக்கொள்ளும். அதைப் பைக்குள் போடாமல் தோள்வாரில் வெளியே கட்டுங்கள். கூரையிலிருந்து கத்தினால் கால் மணியில் தொண்டை போய்விடும். மூன்று மூன்று முறையாக ஊதுவது உதவி கேட்பதாக மீட்புக்காரர்களுக்குப் புரியும்.

தண்ணீருக்கு நடுவில் தண்ணீர்

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் இரண்டு லிட்டராவது வேண்டும். பையில் வைக்க முடிவது ஒன்றரை. மீதிக்கு வடிகட்டும் குழல் வாங்கினால் வெள்ளத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதைக் கேட்காதீர்கள். அந்தக் குழல்கள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் நிறுத்தும். வைரஸ் அவற்றுக்கு மிகச் சிறியது. தாமானில் தேங்கும் வெள்ளத்தில் மலக்குழித் தண்ணீர், காடிகளிலிருந்து (கார்களிலிருந்து) கசிந்த எண்ணெய், வீடுகளிலிருந்த பூச்சி மருந்து எல்லாம் கலந்திருக்கும். கொதிக்க வைத்தாலும் எண்ணெயும் பூச்சி மருந்தும் போகாது.

தலைக்கு மேலே மழை பெய்துகொண்டுதானே இருக்கிறது! மழை அங்கியை விரித்து நடுவில் குழி விட்டு நேரே பிடித்தால் சிறிது நேரத்தில் ஒரு பாட்டில் நிரம்பும். கூரை ஓட்டிலும் பீலியிலும் வழிந்து வருவதைப் பிடிக்காதீர்கள். எலியும் பறவையும் உலவும் இடம் அது. மணமில்லாத சாதாரண பிளீச்சைச் சொட்டுக் குப்பியில் ஊற்றி, தேதி எழுதி வைத்துக்கொண்டால், சந்தேகமான குழாய்த் தண்ணீருக்கு உதவும். 5 முதல் 6 சதவீத பிளீச் என்றால் தெளிந்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. கலக்கி 30 நிமிடம் விட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குப்பியை மாற்றுங்கள், வெப்பத்தில் வீரியம் குறையும்.

சாப்பாட்டில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மாகிக்கு வெந்நீர் வேண்டும், சாக்லேட் உருகும், உப்பு அதிகமான நொறுக்குத்தீனி தாகத்தைக் கூட்டும். பேரீச்சம்பழம், பிஸ்கட், வளையம் இழுத்துத் திறக்கும் டின்கள், கடலை மிட்டாய் போதும். சைவச் சாப்பாடு நிவாரண மையத்தில் முதல் வேளையே கிடைத்துவிடும் என்று எண்ணிவிட முடியாது. சைவர்கள் இன்னும் ஒரு வேளைக்குச் சேர்த்து வைக்கட்டும்.

மருந்து

நம் வீடுகளில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. அதனால் மருந்துப் பகுதிக்குத்தான் முதலிடம். ஏழு நாள் மாத்திரையைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொரு முறை கிளினிக்கிலிருந்து புது மருந்து வரும்போதும் பழையதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதியதைப் பைக்குள் வையுங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். பெயரில்லாத வெள்ளை மாத்திரையை வைத்துக்கொண்டு நிவாரண மையத்து மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்சுலின் போடுபவர்கள், பயன்பாட்டில் இருக்கும் பேனாவைப் பைக்குள் வைக்க முடியாது. குளிர்பெட்டியின் கதவில் 'பை எடுக்கும்போது இன்சுலின்' என்று ஒரு தாள் ஒட்டுவதே நடைமுறை. திறந்த பேனா, வகையைப் பொறுத்து, குளிர்பெட்டி இல்லாமல் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெயில் படும் இடம் கூடாது. ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கலாம். சாப்பாடு தள்ளிப்போய்ச் சர்க்கரை தாழ்ந்தால் உடனே கொடுக்க 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி, சிறு பொட்டலங்களாக இருக்கட்டும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். டெங்கி உள்ள ஊரில் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைப் பொட்டலம் நான்கு. அது தீர்ந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். கொசுத் தைலம், மாதவிடாய் அட்டை, குழந்தை இருந்தால் ஆறு டயப்பர். இரண்டு என்95 முகக்கவசம் வையுங்கள். புகைமூட்டத்துக்கும் பிறகு சேறு கழுவும்போதும் தேவைப்படும்.

தாள், பணம், துணி

மைகார்டு எனும் அடையாள அட்டை எப்போதும்போல் பணப்பையில்தான் இருக்கும். பைக்குள் அதன் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், காப்புறுதி எண், மருந்துச் சீட்டு, கையால் எழுதிய ஐந்தாறு தொலைபேசி எண்கள். லாமினேட் செய்கிறேன் என்று கடை ரசீதையோ வங்கி இயந்திரச் சீட்டையோ கொடுத்துவிடாதீர்கள். அது வெப்பத்தில் கறுக்கும் தாள். இயந்திரத்திலிருந்து முழுக் கறுப்பாக வெளியே வரும். நகலெடுத்து அந்த நகலை வைக்க வேண்டும்.

மின்சாரம் போன தாமானில் கியூஆர் அட்டையைக் காட்டிச் சாமான் வாங்க முடியாது. 100 வெள்ளி (ரிங்கிட்), எல்லாம் சில்லறை நோட்டாக. 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பாலிமர் நோட்டுகள் என்பதால் நனைந்தாலும் துடைத்துப் பயன்படுத்தலாம். 10 வெள்ளியிலிருந்து மேலே எல்லாம் காகிதம்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், நாள் முழுக்கக் காயாது. விளையாட்டு உடை போன்ற மெல்லிய பாலியஸ்டர் ஒரு செட் போதும். கைலி மட்டும் பருத்தியாக இருந்தாலும் சேர்த்துவிடலாம். மையத்தில் நூறு பேர் நடுவே உடை மாற்ற, போர்த்திக்கொள்ள, குழந்தைக்குத் தூளி கட்ட, கைமுறிந்தால் தொங்கலிட, அது ஒன்றே எல்லாம் செய்யும். காலில் ஜப்பான் சிலிப்பர் போட்டு வெள்ளத்தில் இறங்குவது ஆபத்து. சேறு அதை உறிஞ்சிக்கொள்ளும், ஆணியும் தகரமும் காலைப் பதம் பார்க்கும். கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் காலணியைப் பையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பாராங் எனும் வெட்டுக்கத்தியை எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில் காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே நடப்பில் உள்ளது. அதைவிட, நெரிசலான படகில் கூர்மையான பொருள் யாருக்கும் நல்லதில்லை. முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். மெழுகுவர்த்தியும் வேண்டாம். எரிவாயுத் தோம்பு மிதக்கும் வீட்டில் திறந்த சுடர் எதற்கு?

எங்கே மாட்டுவது, எப்போது எடுப்பது

காடியின் பின்பெட்டியில் வைப்பது பலருக்கும் தோன்றும் யோசனை. வெயிலில் மூடி நிற்கும் காடிக்குள் சூடு பவர் பேங்கையும் மருந்தையும் கெடுத்துவிடும். அதோடு, வெள்ளத்தில் முதலில் மூழ்குவதே காடிதான். அடித்தட்டு அலமாரியும் கட்டிலடியும் கூடாது. மாடி வீடென்றால் மாடிப்படி உச்சியில், ஒற்றைத் தளம் என்றால் கதவருகே தலை உயரக் கொக்கியில்.

அடுக்குமாடியில் 15-ஆவது மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் வராது. ஆனால் மின்சாரம் போனால் லிப்டு நிற்கும், கூரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் நிற்கும். அவர்களுக்குப் பையைவிட வீட்டில் ஆளுக்கு 10 லிட்டர் மூடிய தண்ணீர் முக்கியம்.

வடிகால் நீர்ப்பாசனத் துறை எனும் ஜேபிஎஸ் நடத்தும் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று மட்டம் இயல்பு, கவனம், எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலையாகக் காட்டப்படும். உங்களுக்கு மேற்புறத்தில் உள்ள நிலையத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அது 'எச்சரிக்கை'யைத் தொட்டதும் பையை இறக்கி இன்சுலினைச் சேர்த்துக் காலணியை மாட்டிக்கொள்ளுங்கள். 'அபாயம்' வரும்வரை காத்திருந்தால் தெருவில் தண்ணீர் ஓட்டம் பிடித்திருக்கும். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிற்பவரைச் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டரில் சிறிய காடி மிதக்கத் தொடங்கும். நடந்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் ஒரு கோல் ஊன்றிப் பாருங்கள்; மூடி பிய்ந்த லோங்காங் (சாக்கடை) எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பையின் மார்பு வாரையும் இடுப்பு வாரையும் அவிழ்த்துவிட வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.

பையை எடுக்க நேரமே இல்லாத வேளைகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். பத்து ஃபெரிங்கி போன்ற கடற்கரையில் கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டை நோக்கி ஓட வேண்டும், அவ்வளவுதான். 1993 டிசம்பர் 11-இல் மண்சரிவில் இடிந்து 48 உயிர்களைப் பலி கொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி போல் சரிவின் அடியில் உள்ள கட்டடங்களுக்கும் இதே விதி. சுவரில் புது விரிசலும் சாய்ந்த மரமும் சேற்றுநீர் ஊற்றும் கண்ணில் பட்டால் முதலில் ஆட்கள் வெளியேறட்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை பையைக் கொட்டிப் பார்க்க நமக்கு நாள்காட்டியே வசதி செய்து தந்திருக்கிறது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு, பருவமாற்றக் கால மாலை இடிமழை நடக்கும் நேரம். தீபாவளிக்கு வீடு ஒழுங்கு செய்யும் வேளை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு. உணவையும் பிளீச்சையும் மாற்றி, விளக்கை எரியவிட்டுப் பார்த்து, குழந்தையின் உடை அளவைச் சரிபார்க்க அரை மணி ஆகும்.

வெள்ளத் தண்ணீர் பட்ட பையை வீடு திரும்பியதும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் கழுவி, நீர்த்த பிளீச்சில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஈரமே இல்லாமல் காயவிட வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே நுழைந்துவிடும். அறிகுறி தெரிய பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும், ஒரு மாதம் வரையும் போகலாம். அதற்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கிளினிக்கில் முதல் வார்த்தையாக 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பிவிடக்கூடும்.